நைனா பிசிறு எடுத்த லினன் துணி

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கைபேசியில் எதையாவது பார்ப்பது என் பழக்கம். கெட்ட பழக்கம்தான். தயிர் சாதத்துக்கு ஊறுகாய் இல்லாவிட்டால்கூடச் சமாளித்துவிடுவேன், பார்க்க ஏதாவது இல்லாவிட்டால் சோறு இறங்காது. போன வாரம் அப்படித் தள்ளிக்கொண்டே போனபோது ஒரு வீடியோவில் ஒரு சின்னப் பெண் வந்தாள். தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட்டு, மேசை விளக்குக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்திருந்தாள். "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், மெல்லிசான லினன் துணியில கிராஸ் ஸ்டிட்ச் போடறவங்களுக்கு இன்னைக்கு என்னோட டிப்ஸ்" என்று ஆரம்பித்தாள்.

முதல் டிப்ஸ், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. என் விரலெல்லாம் தயிர். சிரித்துக்கொண்டேன். இரண்டாவது, கூரான ஊசி வேண்டாம், முனை மழுங்கின ஊசிதான் லினனுக்கு, இல்லாவிட்டால் நூலைக் கிழித்துவிடும். சரி. நூலில் முடிச்சுப் போடாதே, துணி மேடு தட்டும். சரி, சரி, எனக்கா சொல்லித் தருகிறாய், நான் காஞ்சிபுரத்துக்காரி என்று ஒரு வாய் சாதத்தை உருட்டினேன். அப்போது அவள் துணியைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "லினன்ல அங்கங்க நூல் இப்படித் தடிப்பா, பிசிறு மாதிரி இருக்கும். ப்ளீஸ், அதைப் பிடுங்கிடாதீங்க. அதுதான் லினனோட அழகே."

உருட்டின சாதம் கையிலேயே நின்றது. பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், கண்ணு கலங்குது, ஊறுகா காரமா?" என்றாள். அன்றைக்கு நான் ஊறுகாயே கொண்டுபோகவில்லை. ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். முப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக வந்து, கொண்டையை ஆட்டி ஆட்டி, ஒருத்தி இதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாளே என்கிற கோபம். இந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது நைனாவிடம் சொல்லியிருந்தால் என் அக்கா வேறு எங்கேயோ இருந்திருப்பாள். நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எங்கள் வீடு பட்டு நெய்கிற வீடு. கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொள்ளும், மீதியில்தான் நாங்கள். பட்டுக்கு என்று ஒரு வாசனை உண்டு. கடையில் கண்ணாடிக்குப் பின்னால் மடித்து வைத்த புடவையின் வாசனையைச் சொல்லவில்லை. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும்போது வருமே, அது. தெருமுனை வரைக்கும் அடிக்கும். நாறுகிறது என்று நான் மூக்கைப் பிடித்தால் நைனா, "அது நாத்தம் இல்லடி, சோறு" என்பார். அந்த வீட்டுக்குள்தான் வைக்கோல் வாசனையோடு ஒரு துணி வந்தது. லினன் நனைந்தால் வைக்கோல் வாசனை அடிக்கும். இன்றைக்கும் மழையில் நனைந்த வைக்கோல்போரைத் தாண்டி பஸ் போனால் எனக்கு ஸ்டெல்லாவின் பை ஞாபகம் வரும்.

ஸ்டெல்லா மெட்ராஸிலிருந்து வருவாள். எங்களைவிட நாலைந்து வயது பெரியவளாக இருந்திருப்பாள். வெளிநாட்டுக்கு மேசை விரிப்பு அனுப்புகிற ஒரு கம்பெனியின் ஆள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, மேலே படிக்கவைக்க வீட்டுக்கு மனசில்லாமல், கல்யாணத்துக்குக் காத்துக்கிடக்கிற பெண்கள் சின்ன காஞ்சிபுரத்தில் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. துணியும் நூலும் படமும் கம்பெனி கொடுக்கும், நாங்கள் போட்டுக் கொடுக்க வேண்டும். பூ, கொடி, பனி மூடின வீடு, அப்புறம் எங்கள் வம்சத்தில் யாரும் பார்த்திராத ஒரு மிருகம். "இது இன்னாடி, மாடா மானா?" என்று அம்மா கேட்பாள். யாருக்குத் தெரியும்? கொம்பு இருந்தது, போட்டோம்.

கிராஸ் ஸ்டிட்ச் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பெருக்கல் குறிதான். துணியில் நெடுக்காக இரண்டு நூல், குறுக்காக இரண்டு நூல், அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. பக்கத்து இரண்டின்மேல் இன்னொன்று. படம் துணியில் வரைந்திருக்காது, காகிதத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். அதைப் பார்த்து நூலை எண்ணி எண்ணிப் போட வேண்டும். ஒரு நூல் பிசகினால் மிருகத்துக்குக் கழுத்து கோணிவிடும். தடித்த துணியில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், யாரும் போட்டுவிடலாம். லினன் அப்படி விடாது. ஒரு நூல் இங்கே மெல்லிசாக இருக்கும், அதே நூல் விரற்கடை தள்ளித் தடித்துப்போகும். யார் கண்ணையும் ஏமாற்றும். சுலோவின் கண்ணை ஏமாற்றாது.

சுலோச்சனா என் அக்கா. என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவள் வேலை செய்வதைப் பார்த்தால் நீங்களும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவீர்கள். முதலில் துணியின் ஓரத்தை நூல் பிரியாமல் கட்டித் தைத்துவிடுவாள். அப்புறம் நாலாக மடித்து, மடிப்பு கூடுகிற நடுவிடத்தில்தான் முதல் தையல். நடுவில் ஆரம்பித்தால் படம் ஒருபக்கமாக ஓடிப்போகாது. மடியில் கருநீலப் பாவாடையை மடித்துப் போட்டு அதன்மேல் வெள்ளைத் துணியை வைப்பாள். நூலுக்கு நடுவே இருக்கிற சந்தெல்லாம் கறுப்பாகத் தெரியும், எண்ணுவது சுலபம். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒருநாள் தற்செயலாக அந்தப் பாவாடை கட்டியிருந்தபோது அவளே கண்டுபிடித்தாள். நூல் முறுக்கிக்கொண்டால் இழுத்துச் சண்டை போடமாட்டாள். துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுவாள், அது தானாகச் சுற்றிச் சுற்றி முறுக்கு விட்டுப்போகும். எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. நான் அறுத்துவிடுவேன்.

சுலோவுக்கு முக்கியம் துணியின் பின்பக்கம். தெருப் பெண்கள் யாராவது வேலையைக் கொண்டுவந்து காட்டினால் முகத்துப் பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். "முன்னாடி யாரு வேணா அழகா போடுவாங்க. திருப்பு" என்பாள். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குச் சோம்பேறித்தனமாகப் பின்பக்கம் வழியாக நூலை இழுத்துக்கொண்டு போயிருந்தால் போச்சு. வெள்ளை லினனில் அது முன்பக்கம் நிழலாகத் தெரியும். அவளுடைய துணியைத் திருப்பினால் எது முன், எது பின் என்று நானே சிலசமயம் குழம்பியிருக்கிறேன். என்னுடையதைத் திருப்பினால் ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொள்வாள். மேலே வருகிற தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும் என்பது சட்டம். என்னுடையது பாதி இந்தப் பக்கம் சாயும், பாதி அந்தப் பக்கம். "நீ பேசாம டைப்ரைட்டிங் போம்மா, துணிய விட்டுடு" என்று ஸ்டெல்லா கையெடுத்துக் கும்பிட்டாள்.

போனேன். அதனால்தான் இன்றைக்கு ஒரு சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிடுகிறேன். ஊசி பிடிக்கத் தெரியாதவளுக்கு ஒரு வேலையும் ஒரு மின்விசிறியும் கிடைத்தன. ஊசி பிடிக்கத் தெரிந்தவளுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

வைகாசித் திருவிழாவுக்குக் கொஞ்சநாள் முன்பு ஸ்டெல்லா வந்தாள். கம்பெனியில் மாதிரித் துணி போடுவதற்கென்றே ஒரு பெண் வேண்டுமாம். மெட்ராஸ் ஆபீஸிலேயே உட்கார்ந்து செய்கிற வேலை. எந்தப் புதுப் படமாக இருந்தாலும் முதலில் அவள்தான் லினனில் போட வேண்டும், அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுப்பான். தங்குவதற்கு ஹாஸ்டல். "சுலோ பேரைத்தான் கொடுத்திருக்கேன். ஆனா மேல இருக்கறவங்க கைவேலைய பார்த்துட்டுதான் எடுப்பாங்க. இந்தத் துணியில உன் இஷ்டத்துக்கு ஒண்ணு போட்டு வைம்மா. திருவிழா முடிஞ்சதும் வந்து எடுத்துட்டுப் போறேன்" என்று மெல்லிசான லினன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். கம்பெனித் துணி, அது ஒன்றுதான் கைவசம்.

அன்றைக்குக் குழாயடியில் சுலோ என்னிடம், "அங்க ஆளுக்கு ஒரு ட்யூப்லைட்டாம்டி, தலைக்கு மேலயே. ஸ்டெல்லா சொன்னா" என்றாள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே ட்யூப்லைட் தறிக்கு மேலே எரியும். அதன் மிச்ச வெளிச்சத்தில்தான் படிப்பு, சமையல், அவளுடைய லினன் எல்லாம். தனக்கென்று அவள் எதையும் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. சம்பளம் எவ்வளவு என்றுகூட ஸ்டெல்லாவைக் கேட்கவில்லை. வெளிச்சத்தைத்தான் கேட்டிருக்கிறாள்.

நைனா லேசில் சம்மதிக்கவில்லை. "மெட்ராஸா? பொண்ணு தனியா போய் குந்திக்கினு இருக்குமா?" என்று தறிக்குழியிலிருந்தே கத்துவார். சுலோ ஒரு காரியம் செய்தாள். அவர் அப்போது நெய்துகொண்டிருந்த புடவையின் பார்டரை எட்டிப் பார்த்துக் கட்டம் கட்டமாகக் காகிதத்தில் இறக்கினாள். வரிசையாக அன்னங்கள், மேலும் கீழும் ருத்ராட்சக் கோடு. அதை லினனில் போட ஆரம்பித்தாள். நாலு அன்னம் முடிந்ததும் நைனா பார்த்துவிட்டார். "அட! இது என் பார்டரு பா!" என்று பக்கத்து வீட்டு ஆட்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு ராத்திரி சோறு பிசைந்துகொண்டே அம்மாவிடம், "போவட்டும்மா. பார்டரு போற எடத்துக்குப் பொண்ணும் போவட்டும்" என்றார். சுலோ அடுப்படிக்குள் ஓடிப்போய் என் கையைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளலின் வலி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

துணி முடிந்தது. தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, பின்பக்கம் இஸ்திரி போட்டாள். முன்பக்கம் போட்டால் தையல் நசுங்கிவிடும். மடிப்பு விழக்கூடாதென்று டிரங்குப் பெட்டியின்மேல் விரித்து வைத்தாள். மறுநாள் காலை பெருமாளுக்குக் கருட சேவை. நாங்கள் சிவன் கோயில்காரர்கள்தான், ஆனால் கருட சேவையைப் பார்க்காமல் காஞ்சிபுரத்தில் யாராவது இருக்க முடியுமா? அம்மா, சுலோ, நான் மூன்று பேரும் போனோம். முட்டி வலி என்று நைனா வரவில்லை. கூட்டத்தில் நசுங்கி, நீர்மோர் குடித்து, ஹாஸ்டலுக்கு என்று சொல்லி சுலோ ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி வாங்கினாள். ரோஸ் கலர். வழியெல்லாம் அதைத் திறந்து மூடிக்கொண்டே வந்தாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தறியிலிருந்து புடவையை அறுத்தால் அப்படியே கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்துவிட முடியாது. அவர் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பார்ப்பார். நூலில் ஒரு பிசிறு, ஒரு தடிப்பு கண்ணில் பட்டால் குறை என்பார், கூலியில் பிடிப்பார். அதனால் கொடுப்பதற்கு முன்னால் நெசவுக்காரன் புடவையை மடியில் போட்டுக்கொண்டு, முள் எடுக்கிற சாமணத்தை வைத்துப் பிசிறு பிசிறாக எடுப்பான். வெளியே போகிற துணி குறையோடு போகக் கூடாது. நைனா அதில் கெட்டிக்காரர். அவர் எடுத்துக் கொடுத்த புடவையில் கையை வைத்தால் வழுக்கும்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவர் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் சுலோவின் லினன். கையில் சாமணம். பக்கத்தில் செய்தித்தாளின்மேல் பஞ்சுபோல ஒரு குவியல். முகமெல்லாம் சிரிப்பு. "வாம்மா, வா. இன்னாம்மா துணி குடுத்துக்கிறான் உன் கம்பெனிக்காரன்? ஒரே பிசிறு. இத்தப் போய் ஆபீஸுல காட்டினா நம்மள இன்னான்னு நெனப்பான்? வுடிஞ்சதுலேர்ந்து குந்திக்கினு எல்லாத்தையும் எடுத்துட்டேன். பாரு, கண்ணாடி மாதிரி ஆக்கி வெச்சிக்கிறேன்."

பட்டில் பிசிறு என்பது நூலின்மேல் வந்து ஒட்டிக்கொண்ட வேறு இழை. எடுத்தால் நூலுக்கு ஒன்றும் ஆகாது. லினனில் பிசிறு என்பது நூலேதான். அந்த இடத்தில் அது பருமனாக இருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பிடுங்கினால் நூலைப் பிடுங்கியதாக அர்த்தம். சுலோ துணியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். துணி முழுக்க ஊசிக்கண் அளவு ஓட்டைகள். அன்னங்களுக்கு நடுவிலும் விடாமல் எடுத்திருந்தார். பிடித்துக்கொள்ள நூல் இல்லாமல் தையல்கள் தொளதொளவென்று தொங்கின. ஓர் அன்னத்துக்குக் கழுத்தே இல்லை.

அவள் கத்தவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"யாரு நைனா உன்னக் கேட்டது?"

அவ்வளவுதான், வீடு அவள்மேல் பாய்ந்தது. துணியை யாரும் பார்க்கவில்லை. "பெத்தவரப் பாத்து கேக்கற கேள்வியாடி இது?" என்று அம்மா. "உனக்கோசரம்தானே மனுஷன் காலைலேர்ந்து கண்ணு நோவ குந்திக்கினு இருந்தாரு" என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்கள். நைனா சாமணத்தைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது. எழுந்துபோய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. காப்பி வேண்டாம் என்றார். திருவிழா நாளில் வீட்டுத் தலைவர் பட்டினி. பொழுது சாயச் சாய எல்லாருடைய கண்ணும் சுலோவைத்தான் முறைத்தது.

சாயங்காலம் அம்மா அவள் கையில் ஒரு டம்ளரைத் திணித்தாள். "போய் ஒரு வார்த்த சொல்லுடி. மனுஷன் தண்ணிகூட குடிக்கல." சுலோ போனாள். அவர் தலைமாட்டில் நின்றாள். "தெரியாம பேசிட்டேன் நைனா, மன்னிச்சுக்கோ" என்றாள். அவர் எழுந்து உட்கார்ந்து அவள் தலையைத் தடவி, "வுடும்மா, நைனாதானே" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அப்புறம் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். பரிமாறியது சுலோ.

அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்காதீர்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும், ஒழுங்காக ஒரு கோபமாவது பட்டிருக்கலாம். அவர் பாசத்தோடுதான் செய்தார். மகள் கொண்டுபோகிற துணி குறையோடு போகக் கூடாது என்று, முட்டி வலியோடு குனிந்து உட்கார்ந்து, தன் வாழ்நாள் தொழிலைக் காட்டிச் செய்தார். ஆனால் அவள் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. துணி என்றால் தனக்குத் தெரியாததா? மகள் என்றாலும் தனக்குத் தெரியாததா? அந்தப் பாசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

திருவிழா முடிகிற வரைக்கும் சுலோ அந்தத் துணியோடு மல்லுக்கு நின்றாள். ஓரத்தில் மடித்துத் தைத்திருந்த துணியைப் பிரித்து, அதிலிருந்து நூல் உருவி, ஓட்டை ஓட்டையாக ஊடு கொடுத்துப் பார்த்தாள். ஒன்றை இழுத்தால் இன்னொன்று விட்டது. ஸ்டெல்லா வந்து பார்த்தாள். "ஐயோ சுலோ, இன்னாம்மா இது" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் என்ன நடந்தது என்று சொன்னோம். அவளுக்கும் அழுகை வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆபீஸில் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும், வேறு துணியும் இல்லை. வேறு ஏதோ ஊர்ப் பெண்ணின் துணி போயிற்று, அந்தப் பெண்ணும் போனாள். சுலோ அதற்குப் பிறகு கம்பெனி வேலை எடுக்கவில்லை. ஸ்டெல்லாவும் கொஞ்ச நாளில் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். ரோஸ் சோப்புப் பெட்டியை வீட்டில் எல்லாரும் உபயோகித்தோம்.

இதற்குமேல் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இது ஒரு வேடிக்கைக் கதை ஆகிவிட்டது.

நைனாதான் ஆரம்பித்தார். வெட்கத்தை மறைக்க முதலில் சொல்லியிருப்பார், சிரித்தார்கள், ருசி கண்டுவிட்டார். "கேளு பா, வெள்ளக்காரனுக்குத் துணியில பிசிறு இருந்தாத்தான் அழகாம்! நான் போய் எல்லாத்தையும் புடுங்கி வெச்சிட்டேன்! கூலி புடிக்கறதுக்கு பதிலா அவன் பிசிறுக்குத் தனியா கூலி குடுப்பான் போலக்குது!" யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதை. முதலாளி வந்தால், தறிக்குப் பாவு நூல் பிணைக்க ஆள் வந்தால், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தால். வருகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நடுவில் சுலோ காப்பி கொண்டுவந்து வைப்பாள். "இதோ, இந்தப் பொண்ணு துணிதான்!" என்பார். அவளும் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் இன்னும் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அவள் சிரித்தாள்.

அம்மா வீணாக்கத் தெரியாதவள். நல்ல கெட்டித் துணி, ஓட்டை வேறு இருக்கிறது, ஆவி நன்றாக ஏறும் என்று அதை இட்லித் துணி ஆக்கிவிட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அந்தத் துணியில் இட்லி ஒட்டவே ஒட்டாது. நூல் சாயம் போகாத நூல், அன்னங்கள் வருஷக்கணக்கில் அப்படியே இருந்தன. சிலநாள் என் தட்டில் விழுகிற இட்லியில் ஓர் அன்னத்தின் வால் பதிந்திருக்கும். நான் அந்தப் பக்கத்தைச் சட்னியில் முக்கி மூடிவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

சுலோவைப் பெண் பார்க்க முசரவாக்கத்திலிருந்து வந்தார்கள். அங்கேயும் தறி வீடுதான். காலை டிபன் இட்லி. பேச்சு கொஞ்சம் தடுமாறின நேரத்தில் நைனா இந்தக் கதையை எடுத்துவிட்டார். "இப்ப நீங்க துன்ற இட்லி இருக்குதே, அது வெந்ததே அந்தத் துணியிலதான்!" என்று முடித்தார். மாப்பிள்ளைக்குப் புரை ஏறிவிட்டது, அவ்வளவு சிரிப்பு. சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவாயிற்று. நல்ல குடும்பம், கலகலப்பானவர்கள் என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டார்கள்.

அக்கா புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவரைக் குறை சொல்லமாட்டேன். கைநீட்டாத மனுஷன், குடியும் கிடையாது. ஆனால் அந்தக் கதையைச் சீர் வரிசையோடு சேர்த்து அவரும் தம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நைனா போன பிறகு பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் உட்கார்ந்து அதைச் சொன்னவர் மாமாதான். "எவ்ளோ பாசம் பாரு அந்த மனுஷனுக்கு" என்று கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். சுலோ சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அந்த வீடியோவைப் பார்த்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கம் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கைபேசியிலேயே அனுப்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. அக்கா அடுப்படியில் இருந்தாள். தறியை எப்போதோ விற்றாயிற்று. மகன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போகிறான், அவனுக்குப் போன தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. "ஒரு வீடியோ காட்டணும்க்கா. லினன்ல ஒரு பொண்ணு கிராஸ் ஸ்டிட்ச் போடுது" என்றேன்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைக்காமல், கொடியில் கிடந்த சுத்தமான துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து கைபேசியை வாங்கினாள். கைபேசியைத் தொடத்தான் இத்தனையும்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். ஊசிக்குத் தலையாட்டினாள். நூலை நீளமாக வெட்டினபோது உதட்டைப் பிதுக்கினாள். பிசிறைப் பிடுங்காதீர்கள் என்று அந்தப் பெண் சொன்ன இடம் வந்தது. அக்கா விரலால் பின்னுக்குத் தள்ளி அந்த இடத்தை இன்னொருமுறை கேட்டாள். மறுபடியும் கேட்டாள். பெரிதாக வைத்திருந்தாள், கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கும் கேட்டுவிட்டது.

"அட, லினனு!" என்று அவர் எழுந்தே வந்துவிட்டார். கூடவே புது மருமகளையும் கூப்பிட்டார். "நீ கேட்டதில்லயேம்மா, உன் மாமியாரோட நைனா பண்ண கூத்து. வா, வா, இந்தக் கதையக் கேளு, வயிறு நோவ சிரிப்ப..."

"அது கதை இல்ல" என்றாள் அக்கா. "என் துணி."

குரலை உயர்த்தவில்லை. "சும்மா சிரிக்கறதுக்குதானேம்மா..." என்று மாமா இழுத்தார். மருமகள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள். அக்கா கைபேசியை என்னிடம் கொடுத்தாள். "முன்பக்கத்தையே காட்டறாடி. கடைசி வரைக்கும் திருப்பவே இல்ல பாரு" என்று சொல்லிவிட்டு மாவு கரைக்க உள்ளே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். ஆன்லைனில் லினன் கிடைக்கிறது, ஒன்று வாங்கித் தரட்டுமா, மேசை விளக்கும் சேர்த்தே வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் சிரித்தாள், இந்தத் தடவை நிஜமாகவே. "ஊசியில நூல் கோக்கவே மருமவளத்தான் கூப்பிடறேன். இனிமே லைட்ட வெச்சிக்கினு இன்னாடி பண்றது?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன். எங்கள் கூடத்துத் தறி இல்லை, அந்த இடத்தில் இப்போது வாடகைக்கு விட்ட ஒரு ஜெராக்ஸ் கடை. ஸ்டெல்லா எங்கே என்று தெரியாது. இட்லித் துணி நைந்து, கரித்துணியாகி, ஒருநாள் குப்பையோடு போனது. கறுப்பாகத் தெரிந்த சந்துகளை எண்ணி எண்ணி லினனை அளந்த அந்தக் கண் போய்விட்டது. அம்மா போய்விட்டாள். நைனாவும் போய்விட்டார், நல்ல மனுஷன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிக்கொண்டு. அந்தத் துணிக்காக எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் என் அக்காதான்.